வாயின் தற்போதைய நிலை

நல்லம்மாள் எதையும் ஒரே தடவையில் நம்பிவிடுகிறவள் அல்ல. பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு மீன்காரனின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். மழை வராது என்று ரேடியோ சொன்னாலும் குடை எடுப்பாள், வரும் என்று சொன்னாலும் எடுப்பாள். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் பதினோரு வருடமாகத் துணி துவைக்கும் வேலை. பெற்றவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு 'அடுத்த வாரம் வாரேன்' என்று சொல்லிப் போகிற பிள்ளைகளைப் பதினோரு வருடம் பார்த்தால் யாருக்கும் இந்தக் குணம் வரத்தான் செய்யும்.

அப்படிப்பட்டவள் தானாகவே போய் ஒரு மருத்துவக் காப்புறுதியில் மாட்டிக்கொண்டாள் என்றால், அதற்கு மகள் ஷாமினிதான் காரணம். புருஷன் தேவன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். போன வருடம் நல்லம்மாளுக்கு டெங்கி வந்தபோது, பினாங்கில் படித்துக்கொண்டிருந்த ஷாமினி ஓடிவந்து ஒன்பது நாள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒன்பது நாளுக்குள் பரீட்சை வந்து போய்விட்டது. ஒரு தவணைப் படிப்பை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. காப்புறுதி எடுத்து மெடிக்கல் கார்டு இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளை படிப்பை விட்டு வரவேண்டியதில்லை என்று இல்லத்துச் சமையல்காரி ரோசம்மா சொன்னாள். தன் மகன் ராட்னி காப்புறுதி ஏஜெண்ட் என்பதையும் அவளே சொன்னாள். நல்லம்மாள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகப்பட்டாள். ஆனாலும் சரி என்றாள்.

அந்தச் சமயம் அவளுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. பல் விளக்கினால் எச்சிலில் ரத்தம். கீழ்வரிசை முன்பல்லில் இரண்டு, நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்தன. நல்லம்மாளுக்குத் தன் பல்வரிசைமீது ஒரு பெருமை உண்டு. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில், லயத்து வீடுகளிலேயே வரிசையான பல் அவளுக்குத்தான் என்பார்கள். வேறு எதற்கும் அவளை யாரும் புகழ்ந்ததில்லை. அதனால் தாமதிக்காமல் அரசாங்கப் பல் கிளினிக்கில் பெயர் கொடுத்து, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதிக்கு நாள் வாங்கி வைத்திருந்தாள்.

ராட்னி விண்ணப்பத்தோடு வந்தது ஆகஸ்ட் கடைசியில். 'நம்பகம் காப்புறுதி நிறுவனம்' என்று தங்க எழுத்துப் போட்ட கோப்பு. இருபத்தாறு கேள்விக்கு இல்லை, இல்லை என்று சரசரவென்று கோடு போட்டுக்கொண்டே போனவன் இருபத்தேழில் பேச்சுக்காக ஒருமுறை தலை நிமிர்ந்து கேட்டான்.

"ஈறில ரத்தக் கசிவு உண்டா. இல்லன்னு போட்டுர்றேன் அக்கா."

"இருக்குலா தம்பி. பல்லு வெளக்கையில வருது."

ராட்னி பேனாவைக் கீழே வைத்தான்.

"எல்லாருக்கும் வரும்க்கா. எனக்கும் வரும். யாரும் எழுத மாட்டாங்க."

"யாரும் எழுதாதத எதுக்குக் கேக்கிறாங்க?"

"கேக்கணும்னு இருக்கு, கேக்கிறாங்க."

"நீ எழுத வேணாம்னு சொல்றது உன் கம்பெனிக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு ராட்னியின் பயிற்சி வகுப்பில் பதில் சொல்லித்தரவில்லை. நல்லம்மாளின் கணக்கு வேறு. முதல் பக்கத்திலேயே பொய் சொல்லச் சொல்கிறவன், அந்தப் பொய்யை எங்கேயோ பத்திரமாக வைக்கத்தான் போகிறான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அதை எடுத்து நீட்டுவான். இல்லத்தில் இருந்த சீனப் பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவருக்கு, இருபது வருடத்துக்கு முன் இருந்த மூலநோயை எழுதவில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். அதனால், "ஆமா-ன்னே எழுது" என்றாள். ராட்னி எழுதினான். அவன் தொழிலில் அதுவரை எழுதியிராத வார்த்தை அது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே எழுதுவது நம்பகம் நிறுவனத்தின் பெருமைகளில் ஒன்று. 'தாங்கள் நேர்மையுடன் அளித்த பதிலுக்கு நன்றி. நேர்மையான பதில்கள் எங்களுக்கு அரிதாகவே கிடைப்பதால், தங்கள் விண்ணப்பம் சந்தேகத்துக்குரியவற்றின் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது. மதிப்பீடு முடியும்வரை தங்கள் வாயின் தற்போதைய நிலையை மாற்றக்கூடிய சிகிச்சை, சுத்திகரிப்பு ஆகிய எதையும் மேற்கொள்ள வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.'

நல்லம்மாள் அதை மூன்று தடவை படித்துவிட்டு ராட்னியைக் கூப்பிட்டாள்.

"பன்னண்டாம் தேதி எனக்குப் பல்லு கிளினிக் இருக்கு. போலாமா, கூடாதா?"

"போவாதீங்கக்கா. இப்ப உங்களுக்கு இருக்கிறது வெறும் ரத்தம்தான். டாக்டரப் பாத்தீங்கன்னா அவங்க அதுக்கு ஒரு பேரு வச்சிருவாங்க. பேரு வச்சிட்டா அது சீக்காயிரும். ஏற்கெனவே இருக்கிற சீக்குக்குக் கார்டு கிடைக்காது."

"பல்லு ஆடுதே தம்பி."

"ஆடட்டும்க்கா. ஒரு மாசம்தான். அப்ரூவல் வந்ததும் நீங்க தாராளமா வைத்தியம் பாக்கலாம்."

பல் விளக்கலாமா என்றும் கேட்டாள். ராட்னி தலைமையகத்துக்குப் போன் போட்டான். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: விளக்கலாம், ஆனால் வழக்கத்தைவிட நன்றாக விளக்கக் கூடாது.

நல்லம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஷாமினி கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளும் கண்ணில் வந்து நின்றது. கிளினிக்குக்குப் போய்த் தேதியை மாற்றிக் கேட்டாள். அடுத்த காலி இடம் மார்ச் பதினொன்று என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அதற்குள் கார்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும் என்று நல்லம்மாள் நினைத்தாள். அவள் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் நினைத்த ஒரே விஷயம் அதுதான்.

அடுத்து ஒரு கேள்விக்கொத்து வந்தது. எந்தக் கையால் பல் விளக்குகிறீர்கள், எச்சில் துப்பும் திசை எது, சிறுவயதில் எதைக் கொண்டு விளக்கினீர்கள். தோட்டத்தில் உமிக்கரியும் உப்பும்தான் என்று எழுதினாள். இதுவரை பிடுங்கிய பல் உண்டா என்றதற்கு, ஒன்பது வயதில் ஒரு கடைவாய்ப்பல், தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் பிடுங்கினார் என்று எழுதினாள். அப்படியானால் அந்த மருந்தகத்தின் முத்திரையோடு அத்தாட்சி வேண்டும் என்று நம்பகம் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராட்னி காரில் கூட்டிப்போனான். தோட்டம் வீடமைப்புத் தமானாக மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. பால்மரம் நின்ற இடமெல்லாம் இரட்டைமாடி வீடு. டிரசர் இறந்து போய்விட்டார். மருந்தகம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. அதன் சீன முதலாளி இவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டான், பாவம் என்று நினைத்திருப்பான். 'இந்த இடத்தில் முன்பு பல் பிடுங்கியதாகச் சொல்கிறார்கள்' என்று ஒரு தாளில் எழுதித் தன் கடை முத்திரையைக் குத்திக் கொடுத்தான். இரண்டு வாரத்தில் நம்பகத்திடமிருந்து பதில்: 'அத்தாட்சி கிடைத்தது. மருந்தகத்தின் முத்திரையில் நுரை படிந்த நீலக் கார் ஒன்று காணப்படுவதன் காரணத்தை விளக்கவும்.'

ஆம்புலன்ஸ் என்று எழுதிவிடலாம் என்றான் ராட்னி. நல்லம்மாள் முறைத்தாள். உள்ளதை உள்ளபடி ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினாள். உள்ளதை உள்ளபடி எழுதியதால் நேர்முக விசாரணைக்கு அழைப்பு வந்தது. அப்போது டிசம்பர் மாதம். கீழே இன்னும் இரண்டு, மேல்வரிசையில் நான்கு என்று ஆடும் பல் எட்டாகியிருந்தது.

ஈப்போவில் ஏழாவது மாடி அலுவலகம். வாய்வழி இடர் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவர் தனேஸ்வரன், நாற்பது வயதுக்காரர், நம்ம ஆள். சிரித்தால் சுவரில் தொங்கிய விளம்பரப் படத்தைவிட வெள்ளையான பல். நல்லம்மாளை மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்கக்கா. எங்க கம்பெனி பேரே நம்பகம். நம்பிக்கைதான் எங்க மூலதனம். மூலதனத்த யாராச்சும் எடுத்துச் செலவு பண்ணுவாங்களா? அதனால நாங்க யாரையும் நம்பறதில்ல."

"சீக்கு வந்தா பாப்பீங்களா, மாட்டீங்களா?"

"கண்டிப்பா. ஆனா சீக்கு வரக்கூடியவங்களுக்குக் கார்டு கொடுத்தா என்னாகும்? அவங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்க. நல்லா யோசிச்சுப் பாத்தீங்கன்னா, ஆஸ்பத்திரிக்கே போவாதவங்களுக்குத்தான்க்கா எங்க கார்டு ரொம்பப் பொருத்தம்."

பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஈறைப் பார்ப்பதற்கு முன் அவர் கண் நாக்கில் போய் நின்றது.

"இது என்ன தழும்பு?"

"வாய்ப்பூட்டு."

ஷாமினிக்குச் சின்ன வயதில் இழுப்பு வரும். அது நின்றுபோனதற்கு நேர்த்திக்கடனாக, தைப்பூசத்தன்று நாக்கில் சின்ன வேல் குத்தி வாயைப் பூட்டிக்கொண்டு, புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில்வரை நடப்பாள் நல்லம்மாள். பத்து வருடமாக நடக்கிறாள்.

"குத்தறப்போ ரத்தம் வருமா?"

"ஒரு சொட்டு வந்ததில்ல."

தனேஸ்வரன் டார்ச்சை அணைத்தார். கோப்பிலிருந்து பாரத்தை எடுத்து விரித்தார்.

"அக்கா, பிரஷ்ஷு பட்டா ரத்தம் வருதுன்னு பாரத்துல இருக்கு. வேலு குத்தினா வரலன்னு இப்ப வாயால சொல்றீங்க. பிரஷ்ஷு மெத்துன்னு இருக்கும், வேலு கூரா இருக்கும். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும்."

"அது முருகன் விஷயம். இது பல்லு விஷயம்."

"ஃபைலு ஒண்ணுதானேக்கா."

"நீங்களும் நம்ம ஆளுதான. கோயில்ல பாத்ததில்லையா?"

"நானே பால்குடம் எடுக்கிறவன்தான்க்கா. அங்க போனா எனக்குக் கண்ணுல தண்ணி வரும். ஆனா காலையில ஒன்பதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் எனக்கு நம்பறதுக்கு அதிகாரம் இல்லலா. மேனேஜருக்கு ஓரளவுக்கு உண்டு. அவரு லீவுல இருக்காரு."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு, 'சிகிச்சையளித்த மருத்துவ நிபுணரின் வாக்குமூலம்' என்று தலைப்புப் போட்ட பாரத்தை நீட்டினார். வேல் குத்தியவர் யாரோ, அவர் நிரப்பித் தரவேண்டும்.

வேல் குத்துகிறவர் அப்பாவு. மற்ற நாளில் சிலிபினில் டயர் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடத்தில் எத்தனை நாக்கு, எத்தனை கன்னம் என்று கணக்கே இல்லை. பாரத்தைக் கிரீஸ் கையோடு வாங்கிப் படித்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தன வருஷத்துல எவனும் எங்கிட்ட எழுத்துல கேட்டதில்லம்மா" என்றார்.

"பாத்து எழுதுங்கண்ணே. அவங்க ஒரு மாதிரியான ஆளுங்க."

கொடுத்த மயக்க மருந்து எது என்ற இடத்தில் விபூதி என்று எழுதினார் அப்பாவு. கருவி, வெள்ளி வேல். கிருமி நீக்கம் செய்த முறை, எலுமிச்சம்பழமும் கற்பூரமும். தையல் தேவைப்படவில்லை. நோயாளி எப்போது வழக்கமான உணவுக்குத் திரும்பலாம் என்றதற்கு, கோயில் அன்னதானம் தொடங்கியதும் என்று எழுதினார். உரிம எண் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த டயர் கடை லைசென்ஸைப் பார்த்து அதிலிருந்த எண்ணை அப்படியே எழுதினார். இருக்கிற உரிமம் அதுதானே.

நம்பகம் அந்த எண்ணைச் சோதித்தது. 'டாக்டர் அப்பாவு அவர்களின் உரிமம் நடப்பில் உள்ளது என்பது உறுதி செய்யப்பட்டது' என்று கடிதம் வந்தது. அப்பாவு அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிக்கொண்டார். ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை. இரண்டாவது பத்தியில், இரத்தம் வராமை குறித்த ஐயம் நீங்காததால், வரும் தைப்பூசத்தன்று நிறுவனத்தின் பார்வையாளர் ஒருவர் நேரில் வந்து உறுதி செய்வார் என்று இருந்தது.

தைப்பூசத்தன்று விடிகாலை பார்வையாளர் வந்து சேர்ந்தாள். ஷார்மேன் என்று பெயர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண். நிறுவனத்தின் டீசட்டை, ரப்பர் கையுறை, ஒரு கட்டுப் பஞ்சு, கையில் டேப்லட். கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளை, இந்தச் சடங்கைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. "செருப்பக் கழட்டிட்டு வாம்மா" என்றார் அப்பாவு. கழற்றினாள். மஞ்சள் சேலையில் ஈரத்தலையோடு நின்ற நல்லம்மாளிடம், "மன்னிச்சிருங்க ஆன்ட்டி, எனக்கு டியூட்டி" என்றாள். நல்லம்மாளுக்கு அந்தப் பெண்மீது கோபம் வரவில்லை. டியூட்டி என்று சொன்னவள் செருப்பை எங்கே வைப்பதென்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

உறுமி மேளம் உச்சத்துக்கு ஏறியது. சுற்றி நின்றவர்கள் வேல் வேல் என்று கத்த, அப்பாவு விபூதியைத் தடவி, நாக்கை இரண்டு விரலால் பிடித்து வேலைச் செருகினார். நல்லம்மாள் கண்ணை மூடியபடி நின்றாள். வாய் பூட்டியாகிவிட்டது. ஷார்மேன் முன்னால் வந்து பஞ்சால் நாக்கை ஒற்றினாள். வெள்ளைவெளேர் என்று இருந்தது. அவளுக்கே சிலிர்த்துவிட்டது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். ஆனால் டேப்லட்டில் 'சுற்றுப்புறம்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. கீழ் ஈறை ஒற்றினாள். பஞ்சு சிவந்துவிட்டது.

அடுத்தபடி பன்னிரண்டு கேள்வி. ஷார்மேன் உறுமிச் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பிக் கேட்டாள்.

"ஆன்ட்டி, வலி ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எவ்ளோ?"

நாக்கில் வேலோடு நின்ற நல்லம்மாள் அவளைப் பார்த்தாள்.

"உங்க சொந்த விருப்பத்தோடதான் பேசாம இருக்கீங்களா?"

நல்லம்மாள் நடக்க ஆரம்பித்தாள். ஷார்மேனும் வெறுங்காலோடு கூடவே நடந்தாள். குனோங் சீரோ அடிவாரம்வரை கேள்வி தொடர்ந்தது. பன்னிரண்டுக்கும் 'விண்ணப்பதாரர் பதில் அளிக்க மறுத்தார்' என்று பதிவாயிற்று. முடிவுரையில் அந்தப் பெண் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருந்தாள்: 'வேல் பட்ட இடத்தில் இரத்தம் இல்லை. வேல் படாத இடத்தில் இரத்தம் இருக்கிறது.' அதன் கீழே தலைமையகத்தில் யாரோ ஒருவர் குறிப்பு எழுதினார்: 'வேல் தவறான இடத்தில் குத்தப்பட்டதா என்பதை டாக்டர் அப்பாவுவிடம் விசாரிக்கவும்.'

மறுநாள் மத்தியானம் நல்லம்மாள் வீட்டில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழைந்த சோறு, கல் ஒன்றும் இல்லை. வாயில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால் கீழ்வரிசைப் பல். வலிக்கக்கூட இல்லை, தானாகவே கழன்று வந்திருந்தது. அடுத்த வாரம் அதன் பக்கத்துப் பல்லும் போயிற்று. கண்ணாடியில் பார்த்தாள், வாயில் ஒரு கதவு திறந்து கிடந்தது. புருஷன் செத்தபோதுகூட ஆள் இருக்கிற இடத்தில் அழாதவள், அன்றைக்கு இல்லத்தில் துணி காயப்போடுகிற இடத்தில் நின்று எல்லாரும் பார்க்க அழுதாள். ரோசம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எம் மவன் பேச்சக் கேட்டுத்தான" என்று அவளும் அழுதாள். ஆமாம் என்றுதான் நல்லம்மாளுக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் கிளினிக் தேதியை மாற்ற நடந்து போனது தன் கால்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நினைப்புத்தான் பல் போனதைவிட அதிகமாக வலித்தது.

மார்ச் முதல் வாரத்தில் தனேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை எழுந்து நின்று வரவேற்றார்.

"நல்ல செய்திக்கா. உங்க நிலைமை நல்லா முன்னேறியிருக்கு."

"ரெண்டு பல்லு போயிருச்சு."

"அதைத்தான் சொல்றேன். ஆடற பல்லு எட்டு இருந்துச்சு. இப்ப ஆறுதான். இடர் கால்வாசி குறைஞ்சிருச்சு." அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "மேலிடத்துல ரெண்டு வழி கொடுத்திருக்காங்க. முதல் வழி, கார்டு உடனே கிடைக்கும். வாய்க்கும், வாய் வழியா உள்ள போற எதனாலயும் வர்ற சீக்குக்கும் மட்டும் பாதுகாப்பு கிடையாது."

"வாய் வழியா என்ன போவும்?"

தனேஸ்வரன் பட்டியலைப் படித்தார். உணவு, தண்ணீர், மருந்து மாத்திரை, காற்று. காற்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. மூக்கு வழியாக இழுத்தது என்று நிரூபித்தால் மறுபரிசீலனை உண்டாம்.

"ரெண்டாவது வழி?"

"அது இன்னும் நல்ல வழி. அந்த ஆறு பல்லையும் எடுத்துட்டு வந்துருங்க. பல்லு இல்லாத எடத்துல ஈறு நோய் எப்படி வரும்? முழுப் பாதுகாப்பு, எந்த விலக்கும் கிடையாது. போன வருஷம் பீடோர்ல ஒரு அம்மா மொத்தப் பல்லையும் எடுத்துட்டு வந்தாங்க. எங்க கம்பெனி வரலாற்றுலயே இவ்ளோ சுத்தமான வாய நாங்க பாத்ததில்லன்னு மேனேஜரே கையெழுத்துப் போட்டாரு."

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியலக்கா. கிளைம் எதுவும் வரல. நல்லாத்தான் இருப்பாங்க."

நல்லம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்காரன் முகத்தைப் பார்க்கிற பார்வை. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் நம்பித்தான் சொல்கிறார். ஆறு மாதமாக யார் யாரையோ சந்தேகப்பட்டவளுக்கு, பொய்யே சொல்லாமல் ஒருத்தியின் பல்லைப் பிடுங்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. 

"எனக்கு வேணாம்" என்றாள். "பாரத்தத் திருப்பிக் கொடுங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

தனேஸ்வரன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "காரணம் போடணும்க்கா. மூணுதான் இருக்கு. இறப்பு, நாட்டை விட்டுப் போறது, வேற கம்பெனிக்குப் போறது."

"பல்லு இன்னும் பாக்கி இருக்கு, அதனாலன்னு போடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லலா." கொஞ்சம் யோசித்தார். "வேற கம்பெனின்னு போட்டா எங்க ஆளுங்க உங்கள விடமாட்டாங்க, வீட்டுக்கே வந்துருவாங்க. நாட்டை விட்டுப் போறதுன்னா பாஸ்போட் காப்பி கேக்கும். இறப்புன்னு போட்டா எதுவும் கேக்காது. நிம்மதியா மூடிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சாவுச் சான்றிதழ் கேக்காதா?"

"கிளைம் பண்ணினாத்தான் கேக்கும். சும்மா சாகறதுக்கு எதுவும் வேணாம்."

நல்லம்மாள் சம்மதித்தாள். ஆனால் அவள் நல்லம்மாள் அல்லவா, அதை எழுத்தில் கேட்டாள். இன்ன தேதியில் விண்ணப்பதாரர் இறந்துவிட்டார், இனி அவரிடமிருந்து நிறுவனத்துக்கு எதுவும் தேவையில்லை என்று முத்திரை குத்திய கடிதம். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். தனேஸ்வரன் அதைச் சரிபார்த்து, தன் கையெழுத்தையும் போட்டு, "ஆழ்ந்த அனுதாபங்கள்க்கா" என்றார். அது கணினி சொல்லச் சொல்கிற வாசகம்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே பினாங்குக்குப் போன் போட்டாள்.

"ஷாமினி, ஒரு கடுதாசி வந்தாலும் வரும். நான் செத்துட்டேன்னு இருக்கும். நீ பாட்டுக்குப் படி, வராத."

"என்னம்மா சொல்றீங்க? கார்டு என்னாச்சு?"

"கார்டு வேணாம்னுட்டேன். எனக்குச் சீக்கு வந்தா நீ வருவ. வா. பரீட்சையும் எழுது. எப்படின்னு அப்பறம் யோசிச்சுக்கலாம். இப்ப லிஃப்டு வருது, வைக்கிறேன்."

மார்ச் பதினொன்றாம் தேதி அரசாங்கப் பல் கிளினிக்கில் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் விமலா நடுவயதுப் பெண்மணி. வாயைப் பார்த்ததும், "செப்டம்பர்ல வந்திருந்தா எல்லாப் பல்லும் நின்னிருக்கும்மா, ஏன் வரல?" என்று கேட்டார். நல்லம்மாளுக்கு அதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. உமிக்கரியிலிருந்தா, கார் கழுவும் கடையிலிருந்தா.

"மிச்சம் நிக்குமா டாக்டர்?"

"நாலு நிக்கும். ரெண்டு கஷ்டம், பாக்கலாம். ஆனா நீங்க ஒழுங்கா வரணும். வீட்ல நல்லா விளக்கணும்."

"வழக்கத்தவிட நல்லா விளக்கலாமா?"

விமலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "விளக்கித்தான் ஆகணும்" என்றார்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. கருவி சுர்ரென்று ஈறோரம் இறங்கி, மாதக்கணக்கில் படிந்திருந்த பற்காறையைச் சுரண்டியது. ரத்தம் வந்தது. நல்லம்மாளின் கை தானாகவே எழுந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தது. மேசையில் கிடந்த அட்டையையும் பேனாவையும் கண்ணால் காட்டி, வாயில் குழாயோடு கேட்டாள்.

"ரத்தம்னு எழுதுவீங்களா டாக்டர்?"

"எழுதுவேன்மா, அப்பறமா" என்றார் விமலா, பஞ்சை எடுத்தபடி. "மொதல்ல தொடைக்கணும்லா."